வாசலில் டிரம் இருக்கிறதா?

கேள்வி: அண்ணே, தொண்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஃபைபர் படகு. நானும் தம்பியும் நண்டு வலை, சூடை வலை போடுகிறோம். பழைய எஞ்சின் கைவிட்டுவிட்டது. புதுசு வாங்க வசதியில்லை. மாமனார் ஊரில் 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பக்கம் மாட்டுவது) ஒன்று இருக்கிறது. ஏழு வருஷம் ஓடியது, 45,000 ரூபாய் சொல்கிறார்கள். பெயிண்ட் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. வாங்கலாமா? மச்சான், பெட்ரோல் 4 ஸ்ட்ரோக் பார் என்கிறார்.

பதில்: தம்பி, பெயிண்ட் பளிச்சென்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு இடிப்பது அதுதான். ஏழு வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்த எஞ்சினுக்கு எதற்குப் புதுப் பெயிண்ட்? மேல்மூடியைக் கழற்றி சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுகளைப் பாருங்கள். தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் எஞ்சினைத் திறந்திருக்கிறார்கள். திறந்தது தப்பில்லை. ஏன் திறந்தார்கள் என்று கேட்டதும் வாய் குழறினால்தான் சந்தேகப்பட வேண்டும். ஹெட் பக்கம் பெயிண்ட் கொப்பளித்தோ கறுத்தோ இருந்தால் சூடேறிய எஞ்சின்.

அதற்கும் முன்னால் ஒன்று. விற்பவர் வீட்டு வாசலில் தண்ணீர் டிரம் இருக்கிறதா என்று பாருங்கள். கரைக்கு வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீர் டிரம்மில் இறக்கி பத்து நிமிஷம் ஓட்டுகிற ஆளா, அப்படியே சாக்கைப் போட்டு மூடிவிட்டுச் சாப்பிடப் போகிற ஆளா? இரண்டாவது ஆள் என்றால் உள்ளே தண்ணீர் ஓடுகிற பாதையில் உப்பு கட்டியிருக்கும். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் கேளுங்கள்: "நிறுத்தும்போது பெட்ரோலுக்கு மாற்றித்தான் நிறுத்துவீங்களா?" இந்த எஞ்சின் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் கார்புரேட்டரில் அதுவே தங்கி, மறுநாள் காலையில் கயிறு இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும்.

நான் ஏமாந்த கதையையும் சொல்கிறேன். மெக்கானிக் வேலைக்கு வந்த புதிதில் எனக்கென்று ஓர் எஞ்சின் வாங்கினேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்தேன். நான் போவதற்கு முன்பே அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. மூன்றாம் நாள் நல்ல கச்சான் காற்றில் நடுக்கடலில் நின்றது. பக்கத்துப் படகுக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்தார். பிரித்தால், ஒரு சிலிண்டர் சுவரில் விரல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடு.

அதனால் போனவுடன் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அவசரம் வேண்டாம், டீ குடித்துவிட்டு ஆறியதும் இழுங்கள். எஞ்சினைத் தண்ணீரில் இறக்கி, பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றச் சொல்லுங்கள். மாறும்போது இருமினாலும் பிறகு சீராக ஓட வேண்டும். பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் விட்டுவிட்டு வராமல் பீய்ச்சி அடிக்கிறதா பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் முதலில் துளையில் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள், அடைப்பாகவும் இருக்கலாம். எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கிற பம்புக்குள் சுற்றும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் வரும். அது சின்னச் செலவு, விலையில் குறைத்துக் கேட்கலாம். இரண்டும் இல்லாமல் தண்ணீர் குறைந்தால் பெரும்பாலும் உப்புதான்.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்துகிற அழுத்தம். ஊரில் அதை அளக்கிற கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், அவர் கூலியைப் பார்க்காதீர்கள். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று 100 பவுண்டு, மற்றது 90-க்குக் கீழே என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நான் கடைசித் தீர்ப்பு சொல்வது கியர் ஆயிலைப் பார்த்துத்தான். எஞ்சின் ராத்திரி முழுக்க நிமிர்ந்து நிற்கட்டும். காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், கியர் பெட்டியின் அடித் திருகை ஒரு சுற்று தளர்த்தி நாலு சொட்டை உள்ளங்கையில் பிடியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், உள்ளே புகுந்திருந்தால் அதுதான் முதலில் வரும். பால் டீ நிறத்தில் வந்தால் ஆயிலோடு கலந்துவிட்டது. அந்த அளவோடு நின்றால், தண்ணீர் புகாமல் தடுக்கிற சீலை மாற்றினால் தீரும், தாமதிக்காமல் செய்தால். விரல்களுக்கிடையில் தேய்க்கும்போது மினுமினுவென்று இரும்புத் துகள் உறுத்தினால் பல் சக்கரம் தேய்கிறது. அந்த எஞ்சினைச் சும்மா கொடுத்தாலும் எடுக்காதீர்கள். உங்கள் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், அடி தட்டுகிற எஞ்சின்கள் அதிகம். புரொப்பல்லரைக் கையால் மெல்லச் சுற்றி நடுத்தண்டு ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

தண்டு நீளத்தை மறந்துவிடாதீர்கள். 15 அங்குலமும் உண்டு, 20 அங்குலமும் உண்டு. படகில் எஞ்சின் மாட்டுகிற பலகையின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். தண்டு குட்டையாக இருந்தால் அலையில் புரொப்பல்லர் காற்றைத்தான் அடிக்கும்.

எஞ்சின் எண் பொறித்த தகடு இல்லையென்றால் பேச்சே வேண்டாம். மானியத்தில் வந்த எஞ்சினாக இருந்தால், கைமாற்றலாமா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மச்சான் சொல்வதும் சரிதான். 4 ஸ்ட்ரோக் எரிபொருள் குறைவாகக் குடிக்கும், எரிபொருளில் ஆயில் கலக்கும் வேலையும் இல்லை. ஆனால் கனம் கூட. உங்கள் ஊரில் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருந்தால் பாருங்கள்.

இதெல்லாம் தேறினால் என் கணக்கில் 38,000 கொடுக்கலாம். மீதி ஏழாயிரம் இம்பெல்லருக்கும் சீலுக்கும் பிளக்குக்கும் கையில் இருக்கட்டும். அவர் 40-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றால், வாசலில் இருக்கிற டிரம்மையும் சேர்த்துக் கேளுங்கள்.