பொது விடுமுறை எந்தக் கணக்கில் சேரும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரு திங்கட்கிழமை தொடங்கி அடுத்த வார வெள்ளிக்கிழமை வரை ஆண்டு விடுப்பு எடுத்திருந்தேன். சனியும் ஞாயிறும் எங்களுக்கு வார ஓய்வு. இடையில் வந்த புதன்கிழமை பொது விடுமுறை. அப்படியிருந்தும் என் கணக்கில் 10 நாள்களைக் கழித்துவிட்டார்கள். இது முறையா?

பதில்: பெரும்பாலான இடங்களில் 9 நாள்களைத்தான் கழிக்க வேண்டும். ஆனால் நிர்வாகத்திடம் பேசப் போகுமுன் உங்கள் பணி ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். ஆண்டு விடுப்பாகக் குறிப்பிடப்பட்ட எண்ணிக்கைக்குள் பொது விடுமுறைகள் அடங்குமா, அல்லது அதற்கு மேல் தனியாக வருமா என்பதைச் சொல்லும் வரி அது.

தனியாக வர வேண்டும் என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நீண்டகால நிலைப்பாடு. 1936ஆம் ஆண்டின் 52ஆம் உடன்படிக்கையிலேயே இது இடம்பெற்றுவிட்டது. 1970இல் ஏற்கப்பட்ட 132ஆம் உடன்படிக்கை, ஓராண்டுப் பணிக்குக் குறைந்தது மூன்று வேலை வாரங்கள் சம்பளத்துடன் விடுப்பு வேண்டும் என்றும், பொது விடுமுறை நாள்கள் அந்த விடுப்புக் காலத்துக்குள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் குறைந்தபட்ச அளவில் அவற்றைச் சேர்க்கக் கூடாது என்றும் கூறுகிறது. உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்த நாடுகளை மட்டுமே இது கட்டுப்படுத்தும் என்றாலும், இதிலுள்ள நியாயம் எல்லோருக்கும் பொதுவானது. பொது விடுமுறையின் தேதியை அரசு குறிக்கிறது; ஆண்டு விடுப்போ, உழைத்துக் களைத்தவர் தமக்கு வசதியான நாள்களில் தொடர்ச்சியாக ஓய்வெடுப்பதற்காக ஏற்பட்டது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஈடுகட்ட முடியாது. சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டத்தில்கூட ஆண்டு விடுப்பு, 11 பொது விடுமுறைகளுக்கு மேல் தனியாகவே வருகிறது.

பிரிட்டனின் முறை வேறு. அங்கே சட்டப்படியான விடுப்பு 5.6 வாரங்கள், வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு அது 28 நாள்கள். பொது விடுமுறைகளை அந்த 28க்குள்ளேயே அடக்கிக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு. முன்பு சட்டம் நான்கு வாரங்களை மட்டுமே உறுதி செய்திருந்தபோது, இங்கிலாந்தில் வழக்கமாக வரும் 8 பொது விடுமுறைகளை அந்த 20 நாள்களிலேயே கழித்துவிட்டு, தொழிலாளி தாமே தேர்ந்தெடுக்க 12 நாள்களை மட்டும் விட்டுவைத்த நிறுவனங்கள் இருந்தன. அந்த இழப்பைச் சரிசெய்யத்தான் 2007 அக்டோபரில் 24 நாள்களாகவும், 2009 ஏப்ரலில் 28 நாள்களாகவும் உயர்த்தினார்கள்.

உங்கள் ஒப்பந்தமும் இந்த வகையைச் சேர்ந்ததாக இருந்தால், விடுப்புப் பதிவேட்டின் தொடக்க இருப்பைப் பாருங்கள். 28 என்று முழுமையாக எழுதியிருந்தால் 10 நாள்களைக் கழித்தது சரியே. 8 நாள்களை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு 20 என்று எழுதியிருந்தால், அந்தப் புதன்கிழமையை இரண்டு முறை கழித்திருக்கிறார்கள் என்று பொருள். சம்பளக் கணக்கில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் தவறு பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நேர்வதில்லை, விடுப்பு விண்ணப்பத்தின் தொடக்க நாளையும் முடிவு நாளையும் மட்டும் பார்த்துக் கணக்கிடுவதால் நேர்கிறது. இருந்தாலும் அது உங்களுடைய ஒரு நாள். எழுத்து மூலம் கேட்டுத் திரும்பப் பெறுங்கள்.

கேள்வி: நான் பிரிட்டனில் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாள்கள் மட்டும் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். பொது விடுமுறைகள் பெரும்பாலும் திங்கட்கிழமையிலேயே வருகின்றன. முழுநேர ஊழியர்களுக்குக் கிடைப்பது எனக்குக் கிடைப்பதில்லையே?

பதில்: உங்கள் மனக்குறை நியாயமானது. சட்டப்படி உங்களுக்கு உரியது 5.6 வாரங்கள், வாரத்துக்கு மூன்று நாள் என்ற கணக்கில் 16.8 நாள்கள். பொது விடுமுறை உங்கள் வேலை நாளில் வந்தால் மட்டுமே அதில் ஒன்றைக் குறைக்கலாம். ஆண்டில் ஒரே ஒரு விடுமுறை அப்படி வந்தால், மீதி 15.8 நாள்களை நீங்கள் விரும்பிய நாள்களில் எடுத்துக்கொள்ளலாம். சில அலுவலகங்கள் நான்கு வாரங்களுக்கு 12 நாள்களைக் கொடுத்து, வேலை நாளில் வரும் பொது விடுமுறையை மட்டும் அதனுடன் கூட்டி, மொத்தம் 13 என்று முடித்துவிடுகின்றன. அப்படிச் செய்தால் உங்களுக்கு 3.8 நாள்கள் நஷ்டம். அதாவது உங்கள் ஒரு வார வேலைக்கும் அதிகமான ஓய்வு பறிபோகிறது.

கேள்வி: பொது விடுமுறை வார ஓய்வு நாளிலேயே வந்துவிட்டால் மாற்று நாள் கிடைக்குமா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரில் அடுத்த வேலை நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாகிவிடும். சட்டம் எதுவும் சொல்லாத இடங்களில் ஒப்பந்தமும் நிறுவன வழக்கமுமே முடிவு செய்யும்.

கேள்வி: இரண்டு விடுமுறைகளுக்கு நடுவில் வரும் வேலை நாள்களில் நிறுவனத்தை மூடிவிட்டு, அந்த நாள்களை எங்கள் ஆண்டு விடுப்பில் கழிக்கிறார்கள். மறுக்க முடியாதா?

பதில்: பல நாடுகளில் மறுப்பது கடினம். 132ஆம் உடன்படிக்கையும், வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில், விடுப்பின் காலத்தை முதலாளியே முடிவு செய்யலாம் என்கிறது. ஆனால் தொழிலாளியைக் கலந்து பேசிய பிறகே அதைச் செய்ய வேண்டும். பிரிட்டனில், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், கழிக்கும் நாள்களைப் போல் இரு மடங்கு முன்னறிவிப்பு தேவை: மூன்று நாள் கழிப்பதானால் குறைந்தது ஆறு நாள் முன்பே சொல்லியாக வேண்டும். ஆண்டின் தொடக்கத்திலேயே மூடும் நாள்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மீதமுள்ள நாள்களை வைத்து உங்கள் விடுப்பைத் திட்டமிடுங்கள். மூடும் நாள்களுக்கு நடுவில் வரும் பொது விடுமுறையையும் சேர்த்துக் கழித்திருந்தால், முதல் கேள்விக்குச் சொன்ன பதில் உங்களுக்கும் பொருந்தும்.