பிரம்பு கிழிந்த குழாய் நாற்காலி

கேள்வி: பின்னங்கால் இல்லாமல் வளைந்த எஃகுக் குழாயில் நிற்கும் பழைய நாற்காலி ஒன்று இருக்கிறது. இருக்கையின் பிரம்பு முன்பக்கம் கிழிந்து தொங்குகிறது. மேலே ப்ளைவுட் அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், வடிவமைப்பாளர் மார்செல் ப்ரோயர் 1928இல் உருவாக்கிய, பின்னாளில் ‘செஸ்கா’ எனப் பெயர் பெற்ற நாற்காலியாகவோ அதன் நகலாகவோ இருக்கலாம். அதில் பிரம்பு என்பது தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் பாகம்தான். ஆணி அடித்தால் மரச்சட்டம் பிளந்து, பிறகு பிரம்பே போட முடியாது.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். சுற்றிலும் வரிசையாகத் துளைகள் இருந்தால் கையால் பின்னியது. அது பின்னத் தெரிந்தவர் வேலை. துளை இல்லாமல் ஓரமாக ஒரு காடி (நீளப் பள்ளம்) மட்டும் ஓடினால், ஆயத்தமாகப் பின்னி விற்கும் விரிப்பு. அதை நீங்களே மாற்றலாம்.

திருகாணிகளைக் கழற்றிச் சட்டத்தைத் தனியே எடுங்கள். காடியை அடைத்திருக்கும் பிரம்பின் இருபுறமும் கத்தியால் கீறி, வெந்நீரில் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டுவைத்தால் பழைய பசை இளகும். காடியைவிடக் குறுகிய உளியால் நெம்பி எடுங்கள். காடியின் உள்விளிம்பு மட்டும் நசுங்கக் கூடாது. புதுப் பிரம்பு மடங்குவது அங்கேதான்.

விரிப்பைக் காடிக்கு வெளியே எல்லாப் பக்கமும் 2.5 செ.மீ. விட்டு வெட்டி, வெதுவெதுப்பான நீரில் முக்கால் மணி நேரம் ஊறவையுங்கள். அடைப்புப் பிரம்பு காடியைவிட அரை முதல் 1 மி.மீ. குறைவாக இருக்கட்டும். விரிப்பும் அதே காடிக்குள் போகிறதே! அடைப்புப் பிரம்பையும் 20 நிமிடம் ஊறவைக்க வேண்டும்.

பின்பக்க நடுவில் மர ஆப்பு வைத்து விரிப்பைக் காடிக்குள் இறக்குங்கள். அடுத்து முன்பக்க நடு, பிறகு இடம், வலம், மூலைகள் கடைசி. பறைத்தோல் போல இழுக்காதீர்கள். காயும்போது அதுவே சுருங்கி விறைக்கும்; ஈரத்திலேயே இழுத்தால் காய்ந்ததும் இழைகள் தெறிக்கும். மிஞ்சிய நுனிகளை உளியால் காடிக்குள்ளேயே வெட்டி, கோடாக மரப்பசை விட்டு, அடைப்புப் பிரம்பைக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) மெல்லத் தட்டி இறக்குங்கள். அதன் இணைப்பு பின்பக்கம் வரட்டும். இரண்டு நாள் யாரும் உட்காரக் கூடாது.

சட்டம் தனியே இருக்கும்போதே குழாயையும் பாருங்கள். பின்னங்கால் இல்லாத இவ்வகை நாற்காலிக்கு டச்சுக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாம் 1926இல் எரிவாயுக் குழாய்களை இணைத்துச் செய்த முன்மாதிரி விறைப்பானது. ப்ரோயருடையது உட்கார்ந்தால் சற்று அமிழும். அது குறையல்ல. ஆனால் தரையை ஒட்டிய முன்வளைவில் முடியளவு விரிசல் தெரிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தாலோ அதில் உட்காராதீர்கள். வெல்டிங் வைத்தாலும் பெரும்பாலும் அதன் ஓரத்திலேயே மறுபடி விரியும். திருகாணித் துளை தளர்ந்திருந்தால், கடினமரக் குச்சியைப் பசையுடன் அடித்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிடுங்கள்.

பிரம்பு கிழிவதற்குப் பெரும்பாலும் வறட்சிதான் காரணம். மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தில் நீர் தெளியுங்கள். பளபளப்பான மேல்தோல் நீரை உறிஞ்சாது.