பிள்ளைகளின் அடம், கோபம், பயம்: கேள்வி பதில்

நான் கோலாலம்பூரில் பிள்ளைகளைப் பார்க்கும் உளவியலாளர். இன்று ராத்திரி வரை இங்கே இருப்பேன், கேளுங்கள். பிள்ளையைப் பார்க்காமல் நோய்ப்பெயர் மட்டும் வைக்க மாட்டேன்.

செந்தூல் அம்மா: டாக்டர், மகன் ஆண்டு 1. ஓர் இடத்தில் உட்காருவதில்லை. ஏ.டி.எச்.டி.யாக (கவனம் நிலைக்காமை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு) இருக்கலாம், செக் பண்ணுங்க என்கிறார் டீச்சர். டிசம்பர் கடைசியில் பிறந்தவன். பயமாக இருக்கு.

பதில்: டாக்டர் என்று கூப்பிட வேண்டாம்மா, நான் மருந்து எழுதுகிறவர் இல்லை. பிறந்த மாதத்தைச் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. நம் நாட்டில் ஜனவரிப் பிள்ளையும் டிசம்பர்ப் பிள்ளையும் ஒரே வகுப்பில்தான் உட்காருகிறார்கள், அந்த வயதில் பதினொரு மாதம் என்பது கொஞ்ச நஞ்ச வித்தியாசம் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்திலும் இதே டிசம்பர்க் கணக்குதான். அங்கே 2012-இல் வந்த ஆய்வில், ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்தவர்களுக்கு 30 விழுக்காடு அதிகமாக ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்திருந்தார்கள், பெண் பிள்ளைகளில் அது 70 விழுக்காடு. டிசம்பரில் பிறந்தால் நோய் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, பக்கத்தில் இருக்கும் பெரிய பிள்ளையோடு ஒப்பிட்டதால் வந்த வினையாகவும் இருக்கலாம்.

அதற்காக ஒன்றுமில்லை என்று விட்டுவிடவும் சொல்லவில்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிய வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், இரண்டு இடங்களிலாவது இருக்க வேண்டும் என்பது விதி. அந்த இரண்டு இடம்தான் எனக்கு முக்கியம். கோவிலில், பாட்டி வீட்டில், சாப்பிடும்போது எப்படி இருக்கிறான்? டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், எந்தப் பாடத்தில், எத்தனை மணிக்கு எழுந்து ஓடுகிறான் என்று இரண்டு வாரம் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

கெப்போங் தாத்தா: எங்க காலத்தில் ரோத்தான் பிரம்பு வீட்டுக்கு வீடு தொங்கும். நாங்க எல்லாம் கெட்டா போனோம்? இப்போ அடிக்காதே, திட்டாதே என்கிறீர்கள், பேரன் தலைமேல் ஏறி உட்காருகிறான்.

பதில்: ஐயா, நீங்கள் நன்றாக இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடித்ததால் நன்றாக இருக்கிறீர்களா, அடியையும் தாண்டி நன்றாக இருக்கிறீர்களா என்று உங்கள் ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பெரிய கணக்குகளைப் பார்க்கிறோம். 2016-இல் 75 ஆய்வுகளை, சுமார் 1,60,000 பிள்ளைகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 17 விஷயங்களில் 13-இல் அடிப்பதற்கும் கெடுதலுக்கும் தெளிவான தொடர்பு வந்தது: முரட்டுத்தனம், மனக்கவலை, பெற்றோரோடு விரிசல். நல்ல பக்கம் தெளிவாகச் சாய்ந்தது ஒன்றுகூட இல்லை. அதுவும் அவர்கள் பார்த்தது கையால் அடிப்பதை, ரோத்தானை இல்லை. முரட்டுப் பிள்ளைதானே அதிகம் அடி வாங்கும் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆரம்பத்தில் பிள்ளை எப்படி இருந்தான் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும் அடி நடத்தையைச் சரிசெய்ததாகத் தெரியவில்லை.

தலைமேல் ஏறுவது வேறு பிரச்சினை. அதற்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

செராஸ் அம்மா: மகளுக்கு 4 வயது. பேரங்காடியில் ஹேண்ட்போன் கேட்டுத் தரையில் உருளுவாள். பாலர்பள்ளியில் தங்கமான பிள்ளையாம்! அவள் அப்பா என்னைத்தான் குறை சொல்கிறார்.

பதில்: அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து இதைப் படிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஒரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் குடும்பங்களின் வீட்டுக்கே ஆள் அனுப்பி, யார் என்ன செய்தார், உடனே அடுத்தவர் என்ன செய்தார் என்று குறிக்க வைத்தார். அதில் தெரிந்த ஒரு சுழல் இது: அம்மா "வேண்டாம்" என்கிறார், பிள்ளை கத்துகிறது, அம்மா குரலை உயர்த்துகிறார், பிள்ளை இன்னும் கத்துகிறது, கடைசியில் சுற்றி எல்லாரும் பார்க்கிறார்களே என்று அம்மா கொடுத்துவிடுகிறார். பிள்ளைக்கு ஹேண்ட்போன் கிடைத்தது, அம்மாவுக்கு அமைதி கிடைத்தது. இரண்டு பேருக்குமே பலன் கிடைப்பதால்தான் அடுத்த வாரமும் அதே கதை நடக்கிறது. இதில் கெட்டவர் யாரும் இல்லை.

உள்ளே போகும் முன்பே சொல்லுங்கள், இன்று ஹேண்ட்போன் கிடையாது, ரொட்டியை நீதான் கூடையில் போடணும் என்று. கத்தினால் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுச் சும்மா பக்கத்தில் நில்லுங்கள். முதல் சில தடவை கத்தல் குறையாது, கூடும்! இதுவரை வேலை செய்த வழி ஏன் இப்போது பலிக்கவில்லை என்று பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கும் நேரம் அது. பாதிப் பேர் அங்கேதான் விட்டுக்கொடுக்கிறார்கள், அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. பெரிய சாமான் வாங்கும் நாளில் இதைத் தொடங்காதீர்கள், பால் மட்டும் வாங்கப் போகும் நாளில் தொடங்குங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா: மைலோ, இனிப்பு நிறுத்தினால் ஆட்டம் குறையுமா?

பதில்: பல்லுக்கு நல்லது, ஆட்டத்துக்குச் சம்பந்தம் இல்லை. 1994-இல் ஓர் ஆய்வில் சீனியே இல்லாத பானத்தைப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டு, பாதி அம்மாக்களிடம் அதில் நிறைய சீனி என்று சொன்னார்கள். அந்த அம்மாக்களின் கண்ணுக்கு மகன் அதிகமாக ஆடுவதாகத் தெரிந்தது, அவர்களே பிள்ளையை அதிகம் குறையும் சொன்னார்கள்.

செத்தாபாக் தாய்: ஷிப்டு வேலை. எட்டு மாதக் குழந்தையைப் பகலில் அம்மா பார்க்கிறார். வீட்டுக்கு வந்தாலும் களைப்பில் சிரிக்கக்கூட முடிவதில்லை. என் ஸ்ட்ரெஸ் குழந்தையின் மூளையைக் கெடுக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், தூக்கமே வரவில்லை.

பதில்: அந்த வீடியோ எதுவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் செய்த பரிசோதனை அது. விளையாடிக்கொண்டிருந்த அம்மா கொஞ்ச நேரம் முகத்தைக் கல் போல வைத்துக்கொள்வார், குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கடைசியில் முகத்தைத் திருப்பி அழும். பார்க்கவே முடியாது. ஆனால் எல்லாரும் அங்கேயே வீடியோவை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அம்மா திரும்பி வருகிறார், இருவரும் மறுபடி சேர்கிறார்கள். சாதாரண அம்மாவும் குழந்தையும்கூட ஏறக்குறைய 70 விழுக்காடு நேரம் ஒத்துப்போகாமல்தான் இருக்கிறார்கள் என்று டிரானிக்கே கண்டார். விலகுவதும் மறுபடி சேர்வதுமாகத்தான் குழந்தை வளர்கிறது.

மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் புறக்கணிப்பு என்றால் என்ன தெரியுமா? ருமேனியாவின் அனாதை இல்லங்களில் ஒரு பணியாளர் பல குழந்தைகளைப் பார்த்தார், அழுதால் தூக்க ஆள் கிடையாது. 2000-இல் புக்காரெஸ்டில் அப்படிப்பட்ட 136 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது, குடும்பங்களுக்கு வளர்க்கக் கொடுத்த பிள்ளைகளில் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் நன்றாகவே தேறினார்கள். உங்கள் குழந்தை பாட்டி மடியில் இருக்கிறதம்மா. ஆனால் களைப்பு, தூக்கமின்மை, சிரிக்க முடியாமை எல்லாம் வாரக்கணக்கில் இருந்தால் அது உங்களுக்கான சிகிச்சை விஷயம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது நர்ஸிடம் இதையும் சொல்லுங்கள்.

வங்சா மாஜு அப்பா: மகள் படிவம் 2. திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி. நடிக்கிறாளா?

பதில்: வலி நிஜம்தான். பயத்துக்கு வயிறு வலிப்பது பிள்ளைகளிடம் சர்வசாதாரணம். முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம் கேட்டுப் பாருங்கள், திங்கள் முதல் பாடம் என்ன, பஸ்ஸில் பக்கத்தில் யார், கேண்டீனில் யாரோடு சாப்பிடுகிறாள்? காரில் போகும்போது கேட்டால் முகம் பார்க்காமல் பேச வசதியாக இருக்கும். வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அன்றைக்கு வலி போய்விடும், செவ்வாய்க்கிழமை இன்னும் கஷ்டம், ஆகவே பாதி நாளாவது போகட்டும். சாக வேண்டும் போலிருக்கு என்று சொன்னால் காத்திருக்க வேண்டாம், சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555-க்கு அழையுங்கள், ஆபத்து என்று தோன்றினால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஜிஞ்சாங்கிலிருந்து: தனியாரிடம் போக வசதியில்லை. எங்கே காட்டுவது?

பதில்: பக்கத்து அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிக்குப் பார்த்து, கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் மருத்துவமனைக்குப் போகலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், அதைச் சொல்லிவிடுகிறேன். போகும்போது பள்ளி ரிப்போர்ட், டீச்சர் எழுதிய குறிப்பு, வீட்டில் எடுத்த ஒரு நிமிட வீடியோ கொண்டு போங்கள், கிளினிக்கில் பிள்ளை பெரும்பாலும் சாதுவாக உட்கார்ந்துவிடும். அந்த வீடியோவைக் குடும்ப வாட்சப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.