சிறு படகில் கடலுக்குச் செல்பவருக்கு மலிவான இருவழிச் செயற்கைக்கோள் குறுஞ்செய்திக் கருவி எது?

செயற்கைக்கோள் தொலைபேசிக்குச் செலவிட வசதியில்லை, கரையில் இருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பிப் பதில் பெற முடிந்தால் போதும், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சிறிய பாய்மரப் படகில் சில ஆண்டுகளாக இப்படியொரு கருவியை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கருவியைப் பார்க்கும் முன், அது எந்த வலையமைப்பில் இயங்குகிறது என்று பாருங்கள்.

இரிடியம் என்ற வலையமைப்பின் 66 செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 780 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களைக் கடந்து சுற்றுகின்றன. அவை தமக்குள்ளேயே செய்தியைக் கைமாற்றிக்கொள்வதால், உங்களைச் சுற்றி ஆயிரம் கிலோமீட்டருக்குத் தரை நிலையமே இல்லாவிட்டாலும் செய்தி போய்ச் சேரும். குளோபல்ஸ்டார் என்ற மற்றொரு வலையமைப்பின் செயற்கைக்கோளோ தனக்கு வந்ததை அப்படியே கீழே இறக்குவது. எனவே உங்கள் படகும் ஒரு தரை நிலையமும் ஒரே நேரத்தில் அதன் பார்வைக்குள் இருந்தாக வேண்டும். கரையோரத்தில் இந்த வேறுபாடு பெரும்பாலும் தெரியாது, ஆனால் பெருங்கடலின் நடுவே அது அப்பட்டமாகத் தெரியும். கருவிகளில் ஸ்பாட் எக்ஸ் குளோபல்ஸ்டாரையும், கார்மினின் இன்ரீச் வரிசையும் சோலியோவும் இரிடியத்தையும் பயன்படுத்துகின்றன. ஐபோன் 14 முதல் வந்துள்ள செயற்கைக்கோள் வசதியும் குளோபல்ஸ்டாரையே நம்பியிருக்கிறது, அதுவும் குறிப்பிட்ட சில நாடுகளில் மட்டுமே. கையில் இருந்தால் நல்லது, அதை நம்பிக் கடலைக் கடக்க வேண்டாம்.

சோலியோவுக்குத் திரை கிடையாது, கைபேசிச் செயலி வழியாகத்தான் எழுத வேண்டும். அந்தச் செயலி கைபேசி அலைவரிசையோ வைஃபையோ கிடைக்கும் இடத்தில் அதையே பயன்படுத்திக்கொள்வதால், கரைக்கு அருகில் சந்தாவில் தரப்படும் செய்திக் கணக்கு வீணாவதில்லை. இருந்தும் நான் சிறு திரை உள்ள இன்ரீச் மினி 2 பக்கமே சாய்கிறேன், ஏனென்றால் உப்புநீர் பட்ட விரலுக்குக் கைபேசியின் தொடுதிரை கட்டுப்படுவதில்லை, கைபேசி நனைந்து செயலிழந்துவிட்டால் சோலியோவில் ஆபத்து அழைப்பும் 'நலமாக இருக்கிறேன்' என்ற செய்தியும் மட்டுமே மிஞ்சும். மினியின் பொத்தான்களில் எழுத்தெழுத்தாகத் தேடி எழுதுவது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் எழுத முடிகிறது. (குறுஞ்செய்தி முறையில் ரோமன் எழுத்துக்கு 160 இடம் என்றால் தமிழ் எழுத்துக்கு 70தான், அதனால் கடலில் என் தமிழ் ஆங்கில எழுத்தில்தான் பயணம் செய்கிறது.)

மலிவு என்பதைக் கருவியின் விலையை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் சந்தா அந்த விலையைத் தாண்டிவிடக்கூடும். படகு கரையேறிக் கிடக்கும் மாதங்களில் சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, வரும் செய்திக்கும் கணக்கு உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வானிலை முன்னறிவிப்பையும் இதே கருவியில் பெறலாம். காற்றின் திசை மாறப்போவதை அறிய நான் செலவழித்த செய்திகளுக்கு ஒருநாளும் வருந்தியதில்லை. சில நாடுகளில் இத்தகைய கருவியை அனுமதியின்றி வைத்திருப்பதே சட்டப்படி குற்றம் என்பதால், செல்லும் துறைமுகங்களின் விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை வாங்கிவிட்டோம் என்பதற்காக ஈபிர்ப் எனப்படும் ஆபத்துக்கால மிதவையை விட்டுவிட வேண்டாம். அது 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுச் செயற்கைக்கோள் மீட்பு அமைப்பின் வழியாக மீட்பு அதிகாரிகளுக்கே தகவல் சேர்ப்பது, சந்தா கேட்பதில்லை, குறைந்தது 48 மணி நேரம் ஒலிபரப்பும். குறுஞ்செய்திக் கருவியின் ஆபத்து அழைப்பு தனியார் மையம் ஒன்றின் வழியாகத்தான் அவர்களை எட்டும். ஆனால் மிதவையிடம் பேச முடியாது. படகில் நீர் ஏறுகிறதா, ஒருவருக்கு நெஞ்சுவலியா என்பதைச் சொல்லவும், மீட்பு வருகிறது என்ற பதிலைப் படிக்கவும் இருவழிக் கருவிதான் வேண்டும்.

கருவி வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். எஃகு, அலுமினியம், கார்பன் இழைக் கூரைகளின் கீழ் அது ஏறக்குறைய ஊமை. இதை நான் கற்றது வெட்கத்துடன்: ஒருமுறை மழைக்குப் பயந்து கருவியைக் கீழறையில் சமையல் பாத்திரங்களுக்கு நடுவே செருகிவிட்டு உறங்கிப்போனேன். கருவி அவ்வப்போது அனுப்பும் இருப்பிடத்தைக் காட்டும் இணைய வரைபடத்தில் என் படகின் தடம் அப்படியே நின்றுவிட, கரையில் என் அண்ணன் இரவு முழுவதும் தூங்கவில்லை. இப்போது அது பின்தளக் கம்பியில் கட்டப்பட்டிருக்கிறது. தடம் நின்றால் 24 மணி நேரம் வரை கருவிக் கோளாறு என்றே எண்ண வேண்டும், அதற்குப் பிறகே மீட்பு மையத்தை அழைக்க வேண்டும் என்று அண்ணனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மையத்தின் தொலைபேசி எண்ணும் அதே தாளில் இருக்கிறது.