சம்பளத்தைக் கூட்டியும் பிள்ளைகள் கடையில் நிற்காதது ஏன்?

கேள்வி: கும்பகோணத்தில் 24 பேர் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை நடத்துகிறேன். 18 முதல் 23 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூன்று, நான்கு மாதங்களுக்கு மேல் நிற்பதில்லை. ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சேர்ந்த வாரத்திலேயே விலகிவிடுபவருக்கு வேலை பிடிக்கவில்லை என்று கொள்ளலாம். மூன்று மாதம் பார்த்துவிட்டு விலகுபவரோ, சேரும்போது சொன்ன நேரமும் விடுப்பும் நடைமுறையில் வேறு என்று தெரிந்துகொண்டு போகிறார். ஆயிரம் ரூபாய் அதைச் சரிசெய்யாது.

இரவு ஒன்பது மணிக்குக் கடை அடைப்பு என்று சொல்லியிருப்பீர்கள். எட்டே முக்காலுக்கு ஒரு கல்யாண வீட்டார் வந்து ஐம்பது பட்டுச் சேலைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுந்தால், அவற்றை மடித்து அடுக்கி முடிக்க ஒன்பதே முக்கால் ஆகிவிடும். கிராமத்துக்குப் போகும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட பெண், அப்பாவை வண்டியில் வரச் சொல்லிவிட்டு ஷட்டருக்கு வெளியே நிற்பாள். நான்காவது முறை அந்த அப்பாவே வேலையை விடச் சொல்லிவிடுவார். மடிக்கும் நேரமும் வேலை நேரம்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்தை வரம்பாக வைத்து, அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு இருமடங்கு ஊதியம் தரச் சொல்கிறது. ஆகவே எல்லோரையும் காலையிலேயே வரவழைக்காமல், பாதிப்பேரை நண்பகலுக்கு வரச் சொல்லி, அடைப்பு வேலையை அவர்களிடம் விடுங்கள். தொலைதூரப் பேருந்தை நம்பியிருப்பவர்களைக் காலை ஷிஃப்டிலேயே வைத்திருங்கள்.

வார விடுப்பு நாளை மாதத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். முகூர்த்த நாள் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால், "இன்றைக்கு வா, அடுத்த வாரம் எடுத்துக்கொள்" என்று காலையில் தொலைபேசியில் அழைப்பதற்கு நியாயமே இல்லை. தோழியோடு வெளியே போகவோ, தொலைநிலைக் கல்வித் தேர்வு எழுதவோ முடியாத வேலையை இந்த வயதில் யாரும் பிடித்துவைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பணியாளர்கள் உட்காரும் வசதி, அதே சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கட்டாயம். நாற்காலி போட்டுவிட்டு, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கும் கடைகளையும் பார்த்திருக்கிறேன். அது போடாததற்குச் சமம். சொல்லப்போனால், முதலாளிமார் சம்பளக் கணக்குக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட, புதியவரை வாடிக்கையாளர் முன்னிலையில் அதட்டும் சூப்பர்வைசருக்குக் கொடுப்பதில்லை. புதிதாகச் சேர்பவரை முதல் மாதம் ஒரு மூத்த விற்பனையாளரோடு இணைத்துவிட்டு, ரகமும் விலையும் கற்றுத் தரும் அந்த மூத்தவருக்குச் சிறு தொகை கொடுங்கள்.

மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. பணியாளரிடம் பிடிப்பது 0.75 சதவீதம், நீங்கள் கட்டுவது 3.25 சதவீதம். இதை விளக்காவிட்டால் வெறும் பிடித்தமாகவே அவர்களுக்குத் தெரியும். அட்டையைக் கையில் கொடுத்து, அவர்களைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் சிகிச்சை பெறும் வழியைச் சொல்லுங்கள்.

அண்மையில் விலகியவர்களில் இரண்டு மூன்று பேரிடம் காரணத்தைக் கேட்டறியுங்கள். ஆனால் நீங்களே கேட்க வேண்டாம், அவர்களோடு பழகிய ஒருவரை விட்டுக் கேளுங்கள். முதலாளியிடம் எல்லோரும் "வீட்டில் சூழ்நிலை சரியில்லை" என்றுதான் சொல்வார்கள்.