இன்குபேட்டர் குழந்தையின் ஞானஸ்நானம்

ஐயா, வணக்கம். எட்டாம் மாதமே பிறந்த எங்கள் மகள் தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் இன்குபேட்டரில் இருந்தாள். பிழைப்பது கஷ்டம் என்றார்கள். என் மனைவி கெஞ்சியதால் அங்கிருந்த நர்ஸ் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர் இந்து. மகள் இப்போது நலம். கோயிலில் மறுபடி கொடுக்கவேண்டும் என்கிறார் அம்மா. கூடாது என்கிறார் சாமியார். எது சரி?
ஒரு வாசகர், எலத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

சாமியார் சொல்வதுதான் சரி. ஞானஸ்நானம், அதாவது திருமுழுக்கு, ஒரே முறைதான். உயிராபத்தில் யாரும் கொடுக்கலாம், இந்துவும்கூட. திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும்.

ஆனால் அந்த நர்ஸைப் பார்த்து விவரம் கேட்டுவிடுங்கள். அத்தனை சிறு குழந்தைக்குச் சிரிஞ்சில் இரண்டு மூன்று மில்லி தண்ணீரே தாராளம். மூன்று முறை விடுவது வழக்கம், அவசரத்தில் ஒருமுறையும் செல்லும். ஆனால் தலையில், தோலில் பட்டு ஓடியிருக்கவேண்டும். ஈரப் பஞ்சால் ஒற்றியிருந்தாலோ, குல்லாய் மேலேயே விட்டிருந்தாலோ சந்தேகம்தான். தண்ணீர் விட்டவரே வார்த்தைகளையும் சொன்னாரா? அவர் விட, உங்கள் மனைவி சொல்லியிருந்தால் செல்லாது. பதற்றத்தில் இப்படி ஆகிவிடுவதுண்டு. வார்த்தைகள் இவை: “தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்.” இதில் ‘அளிக்கிறோம்’ என்று வந்தாலே செல்லாது என 2020இல் ரோம் அறிவித்தது.

விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால், ‘நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்’ என்ற நிபந்தனையோடு சாமியாரே கொடுப்பார்.

அம்மாவுக்கும் வழி இருக்கிறது. இப்படித் திருமுழுக்குப் பெற்ற குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுவர ஒரு சடங்கு உண்டு. உச்சந்தலையில் கிறிஸ்மா எனும் புனிதத் தைலம், வெள்ளை உடை, ஈஸ்டருக்கு ஏற்றும் பெரிய பாஸ்காத் திரியில் ஏற்றிய மெழுகுதிரி எல்லாம் இருக்கும், தண்ணீர் மட்டும் இராது. பிரியாணிக்கும் தடையில்லை. ஞானத்தாய், ஞானத்தகப்பன் இருவரில் ஒருவர் இருந்தாலும் போதும். அவர் 16 வயது நிரம்பி, உறுதிபூசுதல் என்ற அருட்சாதனம் பெற்றிருக்கவேண்டும்.

பலர் கோட்டைவிடுவது ஞானஸ்நானப் பதிவேட்டில். நடந்தது தருமபுரியில் என்பதால் அந்த எல்லைக்குரிய பங்குக் கோயிலில்தான் எழுதவேண்டும், எலத்தகிரியில் அல்ல. தருமபுரி, உங்கள் கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் 1997இல் உருவான தருமபுரி மறைமாவட்டத்தில்தான் (ஓர் ஆயரின் கீழ்) இருக்கின்றன, ஆகவே உங்கள் சாமியாரே கடிதம் கொடுத்தனுப்பலாம். தேதி, நர்ஸின் பெயர், சாட்சியாக உங்கள் மனைவி பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். மகள் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துப்படியே எழுதச் சொல்லுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் புதுநன்மைக்கும் (முதல் நற்கருணை) திருமண அறிவிப்பு ஓலைக்கும் அலையவேண்டிவரும்.