அவள் ஏன் அந்தப் பெயரை எழுதவில்லை?

வணக்கம்.

உங்கள் புதிய நாவலை இரண்டே நாளில் படித்து முடித்தேன். ஒரு பத்திரிகை நிருபர்தான் துப்பறிகிறாள் என்றதும் ஆவலாக ஆரம்பித்தேன். ஆனால் கடைசி அத்தியாயம் எனக்குப் பெரிய ஏமாற்றம். கொலை செய்தவன் யாரென்று அவளுக்கும் தெரிந்துவிட்டது, நமக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் பேப்பரில் வரும் அவளுடைய செய்தியில் மட்டும் அவன் பெயர் இல்லை. இதற்கா இத்தனை அலைச்சல்? அப்புறம், கையில் கிடைத்த தடயத்தை ஒரு நாள் முழுக்கப் போலீஸிடம் சொல்லாமல் வைத்திருந்தாளே, அது சரியா? பேசாமல் ஒரு இன்ஸ்பெக்டரையே நாயகனாக வைத்திருக்கலாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

இன்ஸ்பெக்டர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் வாரண்டோடு வந்தால் கதவைத் திறந்தே ஆகவேண்டும். செல்போன் அழைப்புப் பட்டியலை அவரால் வாங்க முடியும், ஆளை ஸ்டேஷனுக்கு வரவழைக்க முடியும். நிருபருக்கு இதெல்லாம் கிடையாது. "பேச இஷ்டமில்லை, கிளம்பும்மா" என்று யார் வேண்டுமானாலும் அவள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தலாம். சாவு விழுந்த வீட்டில், யாரும் கூப்பிடாமல் போய் உட்கார்ந்து, அந்த அம்மா தானாக வாய் திறக்கும்வரை காத்திருப்பது எவ்வளவு கூச்சமான வேலை! அந்தக் கூச்சத்தோடு துப்பறிகிற ஒருத்தியைத்தான் எழுத ஆசைப்பட்டேன்.

அவளிடம் இருப்பதெல்லாம் தொழில் அறிவு. தடயமே அதிலிருந்துதான் வருகிறது. நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். (இனிமேல் படிக்கப்போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

கொலை நடந்த இரவு தான் வெளியூரில் இருந்ததாகவும், மறுநாள் காலை அங்கே பேப்பரைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது என்றும் அவன் போலீஸில் சொல்கிறான். போலீஸ் அதை நம்பிவிடுகிறது. ஆனால் வெளியூர்ப் பதிப்பு இரவு பத்து மணிக்கே அச்சுக்குப் போய்விடும், லாரி அவ்வளவு தூரம் போய்ச் சேர வேண்டுமே. பிணம் கிடைத்தது பதினொன்றரை மணிக்கு. கடைசி நேரத்தில் முதல் பக்கத்தில் ஒரு விளம்பரத்தை எடுத்துவிட்டு அந்தச் செய்தியை நுழைத்தவளே அவள்தான். அது நகரப் பதிப்பில் மட்டும்தான் வந்தது. நூலக அறையில் இரண்டு பதிப்புகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைக்கிறாள். ஒன்றில் செய்தி இருக்கிறது. மற்றதில், அதே இடத்தில், மெத்தை விளம்பரம்.

இதை வைத்து அவன் பொய் சொன்னான் என்று காட்டலாம். அவன்தான் கொன்றான் என்று காட்ட முடியுமா? பொய் சொல்ல ஆயிரம் காரணம் இருக்கும். செய்தி ஆசிரியர் அன்று இரவு அவளிடம் கேட்பதும் அதையேதான்: "உனக்குத் தெரியுது, சரி. காட்ட முடியுமா?" அவள் அடித்த பெயரை அவளே அழிக்கிறாள். நாவல் என்பதால் உங்களுக்கும் எனக்கும் அவன்தான் என்று தெரியும். அவளுக்கு அந்த வசதி இல்லை.

1996-ல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பூங்காவில் கேட்பாரற்றுக் கிடந்த பையைப் பார்த்து போலீஸுக்குச் சொன்னவர் ஒரு காவலாளி. குண்டு வெடிப்பதற்குள் ஜனங்களை அங்கிருந்து விலக்கவும் அவர் உதவினார். எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். மூன்றாவது நாள், எஃப்.பி.ஐ. அவரையே சந்தேகிக்கிறது என்று பெயரோடு ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. எஃப்.பி.ஐ. சந்தேகித்தது உண்மைதான், அந்த வகையில் செய்தியில் பொய் இல்லை. ஆனால் அவர் வீட்டு வாசலில் கேமராக்கள் குவிந்தன. அவர் மேல் சந்தேகம் இல்லை என்று அரசுத் தரப்பு சொல்ல அக்டோபர் ஆகிவிட்டது. குண்டு வைத்த வேறொருவன் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2005-ல். இடைப்பட்ட வருடங்களில் அந்த மனிதர் எப்படிக் கடைக்குப் போயிருப்பார், தெருவில் நடந்திருப்பார்? கடைசி அத்தியாயத்தை எழுதும்போது அவர்தான் என் மனதில் இருந்தார். என் நாயகி அந்தப் பெயரை அச்சில் ஏற்ற நான் விடமாட்டேன். கைது நடந்த பிறகு எல்லாப் பேப்பரும் எழுதட்டும், அவளும் எழுதட்டும்.

இரண்டாவது கேள்வியில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அவள் செய்தது தப்பு. நிருபராக இருந்து நாவலாசிரியரான காஸ்தோன் லெரூ 1907-ல் எழுதிய 'மஞ்சள் அறையின் மர்மம்' நாவலிலும் துப்பறிகிறவன் 18 வயது நிருபன்தான். குற்றவாளியின் பெயரை மாலை ஆறரைக்குத்தான் சொல்வேன் என்று கோர்ட்டில் பிடிவாதம் பிடிப்பான். ஆள் தப்பிப் போகத் தெரிந்தே அவன் கொடுத்த அவகாசம் அது. புதிரை அவன் அவிழ்க்கும் அழகுக்காக அந்த நாவலை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், ஆனாலும் அந்த ஆறரை மணி ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

என் நாயகிக்கு அப்படிப் பெரிய காரணம்கூட இல்லை. வேறு பேப்பருக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அன்று மதியமே இன்ஸ்பெக்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால், இரவு வாட்ச்மேன் அடிபட்டிருக்க மாட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாள், ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடுகிறாள். அதை ஒன்றரைப் பக்கத்தில் தாண்டிவிட்டேன். அவள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், போனில் சொல்லாமல் விட்டதை அவரிடம் தன் வாயால் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்தக் காட்சியைத் திரும்ப எழுத ஆரம்பித்திருக்கிறேன். முடிந்ததும் உங்களுக்கு அனுப்புகிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்.